வெனிஸ், முதல் தடவை, நவம்பர்: தீவுக்குள்ள தங்கணுமா, மெஸ்த்ரே போதுமா?

மழைத்துளி_74

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் 19 மதியம் ஃபிளாரன்ஸிலிருந்து ரயில்ல வெனிஸ் வர்றோம். 22 காலை 10:40-க்கு மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து கிளம்பறோம். மூணு ராத்திரி. அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு 66 வயசு, முழங்கால் வலி. சமதளத்துல ஒரு மணி நேரம் நடப்பாங்க, படிதான் சிரமம். ரெண்டு பேரும் சைவம், முட்டை சாப்பிடுவோம்.

தீவுக்கு வெளிய, தரைப்பகுதியில இருக்கற மெஸ்த்ரேவுல ஒரு ஹோட்டல் போட்டு வச்சிருக்கேன், ரத்து பண்ண இன்னும் பத்து நாள் இருக்கு. அதை வச்சுக்கலாமா? படகு பஸ்ஸுக்கு எந்த டிக்கெட்? நவம்பர்ல தண்ணி ஏறும்னு சொல்றாங்களே, எவ்வளவு பயப்படணும்? சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

பரிசல்

மெஸ்த்ரேவை ரத்து பண்ணிடுங்க. அம்மாவோட முழங்கால்தான் காரணம்.

வெனிஸில் 400-க்கும் மேல் பாலங்கள். கால்வாயில் படகு போக வேண்டும் என்பதால் ஏறக்குறைய எல்லாமே வளைந்த பாலம், இரண்டு பக்கமும் படி. காலை இரண்டு மணி நேரம் சுற்றினாலே பத்துப் பாலம் ஏறி இறங்கியிருப்பீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கால் நீட்டிப் படுக்க அறை வேண்டும். மெஸ்த்ரேவில் அறை இருந்தால் அது நடக்காது. ரயில் பயணம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஆனால் நகரின் பெரிய சதுக்கமான சான் மார்க்கோவிலிருந்து ரயில் நிலையத்துக்குப் படகு, ரயிலுக்குக் காத்திருப்பு, மெஸ்த்ரேவில் நடை எல்லாம் சேர்த்தால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். யாரும் மதியத்தில் திரும்ப மாட்டார்கள். அம்மா ஏதாவது ஒரு படியில் உட்காருவார். சான் மார்க்கோ சதுக்கத்திலும் பாலப் படிகளிலும் உட்காருவதற்கு அபராதம் உண்டு.

அறை தேடும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில் அஞ்சல் குறியீடு. பெயரில் 'வெனேசியா' என்று போட்டுக்கொண்டு மெஸ்த்ரேவிலும் மர்கேராவிலும் நிறைய விடுதிகள் இருக்கின்றன. முகவரியில் 30121 முதல் 30125 வரை, அல்லது 30135 இருந்தால் பழைய நகரம். 3017 என்று தொடங்கினால் தரைப்பகுதி.

அடுத்து, படகுத் துறையிலிருந்து விடுதி வரை எத்தனை பாலம் என்பது. தூரத்தை விட்டுவிடுங்கள், 'பாலம் உண்டா' என்று விடுதிக்கே எழுதிக் கேளுங்கள். இந்தக் கேள்வி அங்கே எல்லோருக்கும் பழக்கம், நேரடியாகப் பதில் வரும்.

மூன்றாவது லிஃப்ட். பழைய வீடுகளில் 'முதல் மாடி' என்பது நம் கணக்கில் ஒன்றரை மாடி உயரம் இருக்கும்.

உங்கள் தேவைக்கு எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமான இடம் கன்னரேஜோ பகுதியில் கா தோரோ துறைக்குப் பக்கம். துறையிலிருந்து ஒரு சந்து ஏறினால் ஸ்த்ராதா நோவா என்ற அகலத் தெரு. சான் ஃபெலிச்சே தேவாலயத்திலிருந்து சாந்தி அப்போஸ்தொலி சதுக்கம் வரை அந்தத் தெருவில் ஒரு பாலம்கூடக் கிடையாது. கடை, மருந்துக்கடை, பேக்கரி எல்லாம் அதிலேயே.

திசைகாட்டி

பரிசல் சொல்வது இந்த அம்மாவுக்குச் சரி. ஆனால் இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக மெஸ்த்ரேவின் பக்கத்தையும் பதிவு செய்கிறேன். கார் வைத்திருப்பவர், சின்னக் குழந்தைகளோடு நான்கைந்து பேராக வருபவர், ஒரே ஒரு இரவு தங்கி மறுநாள் வேறு ஊர் போகிறவர்: இவர்களுக்கு மெஸ்த்ரே லாபம்தான். ரயில் தவிர டிராமும் தரையையும் தீவையும் இணைக்கும் லிபெர்த்தா பாலத்தைக் கடந்து பியாத்சாலே ரோமா வரை வருகிறது. கார், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி எல்லை, அதற்குள்ளே சக்கர வண்டி எதுவும் கிடையாது.

மெஸ்த்ரேவில் தங்கினால் நகர நுழைவுக் கட்டணம் 5 யூரோ தினமும் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பரிசல்

அது தவறு, திசைகாட்டி. மெஸ்த்ரேவும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. நகராட்சி எல்லைக்குள் எங்கே இரவு தங்கினாலும் தங்கும் வரியை விடுதியில் கட்டிவிடுகிறீர்கள், அதனால் நுழைவுக் கட்டணம் இல்லை. விலக்கு பெற்றதற்கான க்யூஆர் குறியீட்டை மட்டும் இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஊர்களான பாதுவாவிலோ த்ரெவிசோவிலோ தங்கிப் பகலில் வந்துபோனால்தான் கட்டணம்.

அதுவும் எல்லா நாளும் இல்லை. 2024-இல் 29 நாள், 2025-இல் 54 நாள், ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள், காலை 8:30 முதல் மாலை 4 வரை. 2025-இல் நான்கு நாள் முன்பே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. நவம்பரில் வருபவரை இது தொடவில்லை. கிளம்பும் முன் அந்த ஆண்டின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

திசைகாட்டி

திருத்தத்துக்கு நன்றி, ஏற்றுக்கொள்கிறேன்.

ரயில் பற்றி: இறங்க வேண்டிய நிலையம் வெனேசியா சாந்தா லூச்சியா. அதற்கு முந்தையது வெனேசியா மெஸ்த்ரே. இரண்டு பலகையிலும் 'வெனேசியா' இருக்கும். கூட்டம் எழுந்து பெட்டியை இறக்குவதைப் பார்த்து முதல் முறை வருபவர்கள் மெஸ்த்ரேவிலேயே இறங்கிவிடுகிறார்கள். ஜன்னலின் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்த பிறகு வரும் நிலையம்தான் உங்களுடையது. அதற்குமேல் தண்டவாளமே இல்லை.

முகவரி விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெனிஸில் வீட்டு எண் தெருவுக்குத் தெரு தொடங்காது. நகரம் ஆறு பகுதி: சான் மார்க்கோ, கஸ்தெல்லோ, கன்னரேஜோ, தொர்சொதுரோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே. ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும் ஒரே எண்வரிசை, சந்து சந்தாக வளைந்து ஆயிரக்கணக்கில் போகும். 'கன்னரேஜோ' என்று போட்டு நாலு இலக்க எண் மட்டும் கொடுத்திருந்தால் தபால்காரருக்குத்தான் புரியும். விடுதியிடம் சந்தின் பெயர், பக்கத்துச் சதுக்கம், இறங்க வேண்டிய துறை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சந்தின் பெயர் மட்டும் போதாது. 'காலே தெல் ஃபோர்னோ', அதாவது அடுமனைச் சந்து, ஊர் முழுக்கப் பல உண்டு.

குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடத்தின் நீலப் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவும். சுவரைப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டையில் கறுப்புக் கட்டம் கட்டித் தெருப்பெயர் எழுதியிருக்கும். உள்ளூரில் அதை 'நித்சியொலேத்தி' என்பார்கள், சின்னப் படுக்கை விரிப்புகள் என்று பொருள். அந்தப் பெயரே வழி எப்படி என்று சொல்லிவிடும். காலே என்றால் சந்து. ஃபொந்தமேந்தா என்றால் கால்வாய்க் கரையோர நடைபாதை. சொத்தோபோர்த்தெகோ என்றால் வீட்டுக்கு அடியில் புகுந்து போகும் வழி. ரியோ தெரா என்றால் மண் கொட்டி மூடிய பழைய கால்வாய், அகலமாகச் சமதளமாக இருக்கும். அம்மாவோடு நடக்கும்போது 'ரியோ தெரா' கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

மஞ்சள் பலகைகள் ரியால்த்தோ பாலம், சான் மார்க்கோ, ரயில் நிலையம், பியாத்சாலே ரோமா ஆகியவற்றுக்கு அம்பு காட்டும். சில இடங்களில் ஒரே பலகையில் இடமும் வலமும் அம்பு இருக்கும். குழம்ப வேண்டாம், இரண்டு வழியும் போய்ச் சேரும்.

அலையாத்தி

படகு பஸ்ஸுக்கு வருவோம். பெயர் வப்பொரெத்தோ.

ஒரு பயணச் சீட்டு 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. 24 மணி நேரப் பாஸ் 25, 48 மணிக்கு 35, 72 மணிக்கு 45, ஏழு நாளுக்கு 65. 72 மணி நேரப் பாஸில் ஐந்தாவது பயணத்திலேயே காசு எடுத்துவிடும். முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கு ஒரு நாளைக்கே நான்கைந்து தடவை ஏற வேண்டியிருக்கும், அதனால் யோசிக்காமல் 72. 6 வயதிலிருந்து 29 வயதுக்குள் யாராவது இருந்தால் 'ரோலிங் வெனிஸ்' அட்டை 6 யூரோ, அதைக் காட்டினால் 72 மணி நேரப் பாஸ் 27. மொத்தம் 33 ஆகிறது. விலையை வாங்கும் அன்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸின் நேரம் வாங்கிய நொடியில் ஓடத் தொடங்காது, முதல் முறை தட்டியதிலிருந்துதான். 19 மதியம் ஒன்றரைக்குத் தட்டினால் 22 மதியம் ஒன்றரை வரை. உங்கள் முழுப் பயணமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு தடவை ஏறும் முன்பும் துறை வாசலில் உள்ள கருவியில் தட்ட வேண்டும், பச்சை விளக்கும் 'பீப்' ஒலியும் வந்தால் சரி. கையில் செல்லுபடியாகும் பாஸை வைத்துக்கொண்டே தட்டாமல் ஏறி அபராதம் கட்டுகிறவர்கள் பலர்.

விமான நிலையப் பஸ்ஸும் விமான நிலையப் படகும் சாதாரணப் பாஸில் சேராது. பஸ்ஸைச் சேர்த்துத் தரும் பாஸ் தனியாக இருக்கிறது, வாங்கும்போதே கேட்க வேண்டும்.

பெரும்பாலோர் செய்யும் தவறு திசை. ரயில் நிலையத் துறையில், அதன் பெயர் ஃபெர்ரோவியா, மிதவை மேடைகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று எழுத்து. ஒரே 1-ஆம் எண் படகு ஒரு மேடையிலிருந்து ரியால்த்தோ பக்கமும் இன்னொன்றிலிருந்து பியாத்சாலே ரோமா பக்கமும் போகும். எண்ணைப் பார்த்தால் போதாது, மேடையின் மேலே ஒளிரும் பலகையில் 'லீதோ' அல்லது 'சான் மார்க்கோ' இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

1-ஆம் எண் கிராண்ட் கால்வாயின் இரு கரையிலும் மாறி மாறி நின்று நின்று போகும். 2-ஆம் எண் குறைவான துறைகளில் நிற்கும், கா தோரோவில் நிற்காது. உங்களுக்கு 1 போதும். பையை முதுகில் மாட்டியபடி நிற்காதீர்கள், கழற்றிக் காலடியில் வையுங்கள். கூட்டத்தில் பைக்குள் கை விடுகிறவர்களுக்கும் முதுகுப்பைதான் வசதி.

அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி. மிதவை மேடை தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் மேடைக்கும் படகுக்கும் உயர வித்தியாசம் அதிகம் இருக்காது. பணியாளர் கயிற்றைத் தூணில் சுற்றி இழுத்து, இரும்புக் கதவைத் தள்ளித் திறந்த பிறகு கால் வைத்தால் போதும். படகு மேடையில் ஒருமுறை இடித்து அசையும், அந்த இடி முடியட்டும். உட்காரும் அறைக்கு ஓரிரு படி இறங்க வேண்டியிருக்கலாம்.

எந்தத் துறையில் இறங்குவது என்பதில்தான் முழங்கால் பிழைக்கும்:

சான் மார்க்கோ போக எல்லோரும் சான் சக்கரியாவில் இறங்குவார்கள். அங்கிருந்து சதுக்கத்துக்குப் பெருமூச்சுப் பாலத்தைப் படம் பிடிக்கும் கூட்டம் நிற்கிற பாலியா பாலத்தை ஏறி இறங்க வேண்டும். அதற்கு ஒரு துறை முன்னால், வல்லரெசோவில் இறங்குங்கள். இறங்கியதும் கரையோரமாக வலப்பக்கம் போகாமல் நேர் எதிரே உள்ள காலே வல்லரெசோவில் நுழைந்து, முனையில் வலப்பக்கம் திரும்பினால் வளைவு வழியாகச் சதுக்கம். ஒரு பாலமும் இல்லை.

ஃப்ராரி தேவாலயத்துக்கும் சான் ரோக்கோ மண்டபத்துக்கும் சான் தொமா துறை. இரண்டும் ஒரே மூச்சில் பார்க்கலாம், வழியில் பாலம் இல்லை. ஃப்ராரியில் பீடத்துக்கு மேலே டிஷியன் வரைந்த மாதாவின் விண்ணேற்பு, 1518-இல் வைத்தது, இன்றும் அதே இடத்தில். சான் ரோக்கோவில் தின்தொரெத்தோ இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து நிரப்பிய சுவரும் கூரையும். கூரை ஓவியம் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டாம், கையில் பிடித்துக் குனிந்து பார்க்கும் கண்ணாடி அங்கேயே வைத்திருப்பார்கள்.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்க சான் மார்க்கோ மணிக்கூண்டில் லிஃப்ட் உண்டு. 1902 ஜூலை 14 காலை முழுக் கோபுரமும் சரிந்து, 1912-இல் அதே இடத்தில் அதே உருவில் திரும்பக் கட்டினார்கள். கிட்டத்தட்ட 99 மீட்டர். வரிசை நீளமாக இருந்தால் 2-ஆம் எண் பிடித்து எதிரே உள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவுக்குப் போங்கள். அங்கும் மணிக்கூண்டில் லிஃப்ட், கூட்டம் குறைவு. என் கணக்கில் அந்தக் காட்சிதான் மேல், ஏனென்றால் அங்கிருந்து பார்த்தால்தான் சான் மார்க்கோ முழுதாக எதிரில் நிற்கும்.

மழைத்துளி_74

வல்லரெசோ விஷயம் தங்கம்! மெஸ்த்ரேவை ரத்து பண்ணிட்டேன். கா தோரோ பக்கம் ரெண்டு விடுதிக்குப் பாலம், லிஃப்ட் ரெண்டையும் கேட்டு எழுதியிருக்கேன்.

தண்ணி பத்தி யாராவது சொல்லுங்களேன். '110 செ.மீ.'ன்னு படிச்சதும் அம்மா பயந்துட்டாங்க, இடுப்பளவு தண்ணியில நடக்கணுமான்னு கேக்கறாங்க.

பரிசல்

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: 110 என்பது தெருவில் நிற்கும் தண்ணீரின் ஆழம் கிடையாது. 1897-இல் குறித்து வைத்த பழைய கடல்மட்டத்துக்கு மேல் 110 செ.மீ. என்று அர்த்தம். தெருக்கள் அந்தப் பழைய மட்டத்துக்கு மேலேதான் இருக்கின்றன. சான் மார்க்கோ சதுக்கம் தாழ்ந்த இடம், ஏறத்தாழ 80-ஐத் தாண்டினால் நனையும். ரியால்த்தோ பக்கம் ஏறத்தாழ 105. ரயில் நிலைய வாசலுக்கு 135 அளவில் வர வேண்டும். 110 செ.மீ. வந்தாலும் ஊரில் எட்டில் ஒரு பங்கு அளவுதான் நனையும்.

ஏன் ஏறுகிறது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) ஒன்று. சிரோக்கோ என்ற தென்கிழக்குக் காற்று அட்ரியாட்டிக் கடலை வடக்கே தள்ளிக்கொண்டு வருவது இரண்டாவது. காற்றழுத்தம் குறைந்து கடல் உப்புவது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கெட்ட நாள். 1966 நவம்பர் 4 அன்று 194, 2019 நவம்பர் 12 இரவு 187.

2020 அக்டோபர் 3 முதல் மோசே தடுப்பு வேலை செய்கிறது. வெனிஸைச் சூழ்ந்த காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் கடலடியில் 78 இரும்புக் கதவுகள். சாதாரண நாளில் உள்ளே தண்ணீர் நிரம்பிப் படுத்திருக்கும். காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றினால் எழுந்து நிற்கும். பொதுவாக 110 அளவுக்குக் கணிப்பு வந்தால்தான் எழுப்புவார்கள், கப்பல் போக்குவரத்தும் காயலின் நீரோட்டமும் தடைபடும் என்பதால். இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: பெரிய வெள்ளம் வராது, ஆனால் 80-க்கும் 110-க்கும் நடுவே வந்தால் கதவு எழாமல் சான் மார்க்கோ நனையலாம். 'மோசே வந்துவிட்டது, இனி செருப்பு போதும்' என்று நம்பி வருகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

தண்ணீர் கரையைத் தாண்டி அலையாக வரும் என்று நினைக்கிறோம். சதுக்கத்தில் அது கல்தரையின் வடிகால் துளைகளிலிருந்து சத்தமில்லாமல் மேலே ஊறும். முதலில் துளையைச் சுற்றி ஒரு தட்டு அளவு ஈரம், கால் மணி நேரத்தில் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குளம். சதுக்கத்திலுள்ள சான் மார்க்கோ பசிலிக்காவைச் சுற்றி 2022-இல் கண்ணாடித் தடுப்பு வைத்திருப்பதால் தேவாலயத்துக்குள் இப்போது அந்த நீர் போவதில்லை.

செய்ய வேண்டியவை:

நகராட்சியின் ஓத மையம் தரும் கணிப்பைத் தினமும் இரவு பாருங்கள். உச்சம் எத்தனை மணிக்கு, எத்தனை செ.மீ. என்று இருக்கும். உச்சத்துக்கும் அடுத்த தாழ்வுக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். காலை ஒன்பதுக்கு உச்சம் என்றால் சான் மார்க்கோவை மதியத்துக்குத் தள்ளுங்கள், காலையில் ஃப்ராரி பாருங்கள். அவ்வளவுதான், நாள் கெடாது.

ரப்பர் பூட்ஸ் ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். காலணிமேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை தெருவோரம் சுமார் 10 யூரோவுக்குக் கிடைக்கும். அடிப்பக்கம் வழுக்கும், படியில் கவனம்.

தண்ணீர் நிற்கும்போது மேடைப் பலகைகள் போடுவார்கள். வலப்பக்கமாக, நிற்காமல், படம் எடுக்காமல் நடக்க வேண்டும். பலகைக்கு ஏறப் படி உண்டு, கைப்பிடி இல்லை. அம்மாவுக்கு அது சிரமம். உச்சம் வடியும் வரை அறையிலோ கடையிலோ இருப்பது மேல்.

கரையோரப் பாதை நனைந்திருந்தால் விளிம்பு தெரியாது, தரையும் கால்வாயும் ஒரே தண்ணீராகத் தெரியும். சுவரை ஒட்டியே நடங்கள். இது இந்த இழையிலேயே மிக முக்கியமான வரி. படித்துறைகளில் பச்சைப் பாசி படிந்த படி எதுவானாலும் அதில் கால் வைக்கவே கூடாது.

தோசைக்கல்

சாப்பாட்டுக்கு வர்றேன். சைவம் கஷ்டமில்லீங்க, ஆனா பட்டியல்ல பார்த்தா சைவம் மாதிரி தெரியறதுலதான் மீன் ஒளிஞ்சிருக்கும்.

'பீகொலி இன் சால்சா': சால்சான்னதும் தக்காளிச் சாறுன்னு நினைச்சிடாதீங்க. வெங்காயமும் உப்பு மீனும் கரைய வதக்கினது. கரைஞ்சு போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 'பாஸ்தா ஏ ஃபஸொய்' அவரைக் கஞ்சி மாதிரி, நல்லா இருக்கும், சில இடத்துல பன்றித்தோல் போட்டு வேகவைப்பாங்க. ரிசொத்தோ, அதாவது குழைய வேகவச்ச அரிசி, எதுவானாலும் எந்தச் சாறுல வேகவச்சதுன்னு கேளுங்க: 'ப்ரோதோ வெஜெதாலே?' (காய்கறிச் சாறா?) ஆமான்னா சாப்பிடலாம். பொதுவா 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே' (இறைச்சி இல்லாம, மீன் இல்லாம)ன்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும். 'சைவம்'னு மட்டும் சொன்னா மீன் பரவாயில்லைன்னு எடுத்துக்கறவங்க உண்டு.

நவம்பர்ல வர்றதால ராதிக்கியோ பருவம். த்ரெவிசோ பக்கத்துல விளையற சிவப்பு நீளக் கீரை, லேசா கசக்கும், வறுத்தா இனிப்பு ஏறும். பாகற்காய் பிடிக்கிறவங்களுக்கு உடனே பிடிச்சிடும். ரிசொத்தோவிலயும் பீட்சாவிலயும் போடுவாங்க.

பீட்சா 'மரினாரா'ல மீன் கிடையாது, சீஸும் கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரேகனோ, எண்ணெய். பேரைப் பார்த்துப் பயந்து விட்டுடாதீங்க. சீஸ்ல கண்டிப்பா இருக்கறவங்களுக்கு: பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா பதானோவும் கன்றுக்குட்டி வயித்து நொதியில செய்யறது. 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ'ன்னா சீஸ் இல்லாம கொடுத்துடுவாங்க.

மதியத்துக்கு பாக்கரோன்னு சின்னக் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள்ள சின்னச் சின்ன ரொட்டித் துண்டு, மேல ஏதாவது வச்சிருக்கும். அதுக்குப் பேர் சிக்கெத்தி. ஒண்ணு ஒண்ணா விரலால காட்டி வாங்கலாம். வெள்ளையாக் குழைச்சு வச்சிருக்கறது கருவாடு மீன், தயிர்னு நினைச்சிடாதீங்க. கூனைப்பூவோட அடிப்பாகம், அரை முட்டை, வறுத்த பொலேந்தா (சோளமாவுக் களி), கத்திரிக்காய் இதெல்லாம் எடுத்துக்கலாம்.

காசு விஷயம் மூணு. காபியை நின்னு குடிச்சா ஒரு விலை, உட்கார்ந்தா வேற விலை. சான் மார்க்கோ சதுக்கத்துல வாத்தியம் வாசிக்கிற கடையில உட்கார்ந்தா இசைக்குத் தனிக் கட்டணமும் பில்லுல வரும். உணவகத்துல 'கோபெர்த்தோ'ன்னு தலைக்கு ஒரு தொகை போடுவாங்க, அது சட்டப்படிதான், பட்டியல்ல எழுதியிருக்கணும். மீன் சாப்பிடற மத்தவங்களுக்கு: விலைக்குப் பக்கத்துல 'எத்தோ'ன்னு இருந்தா அது 100 கிராமுக்கு. முழு மீன் எடை போட்டு வரும்போது நாலஞ்சு மடங்கு ஆயிடும். சமைக்கறதுக்கு முன்னாடியே எடையும் மொத்த விலையும் கேட்டுடணும்.

தண்ணிக்குப் பாட்டில் வாங்காதீங்க. சதுக்கங்கள்ல இரும்புக் குழாய் ஓடிக்கிட்டே இருக்கும், குடிக்கிற தண்ணிதான்.

மழைத்துளி_74

தோசைக்கல் அக்கா, இதை அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். கடைசியா ரெண்டு. கொண்டோலாவுல அம்மாவால ஏற முடியுமா? 21-ஆம் தேதி அங்க ஏதோ திருவிழான்னு விடுதிக்காரர் எழுதியிருக்கார், அன்னிக்கு வெளிய வர முடியுமா?

அலையாத்தி

கொண்டோலா: நகராட்சி வைத்த விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பிறகு 110. படகுக்கு விலை, தலைக்கு இல்லை, ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன் எத்தனை நிமிடம் என்பதை வாயால் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் இடத்தில் மரமேடை இருக்கிறதா என்று பாருங்கள், கல்படியில் இறங்கி ஏறும் இடம் அம்மாவுக்கு வேண்டாம். படகோட்டி கை கொடுப்பார். நடுவில் கால் வைக்க வேண்டும், விளிம்பில் வைத்தால் சாயும். சான் மார்க்கோ முன்னால் உள்ள திறந்த நீரில் மோட்டார் படகு அலை தூக்கிப் போடும், சின்னக் கால்வாய்களில் சுற்றுகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். 2 யூரோவுக்குக் கால்வாயைக் குறுக்கே கடக்கும் 'த்ரகெத்தோ' இருக்கிறது, அது நிமிட நேரப் பயணம், ஆடும் படகு, அம்மாவுக்கு அது வேண்டாம்.

21 நவம்பர் சாலுத்தே திருநாள். 1630-இல் கொள்ளைநோய் ஊரையே அழித்தபோது, நோய் நின்றால் மாதாவுக்குக் கோவில் கட்டுகிறோம் என்று ஆட்சிமன்றம் நேர்ந்துகொண்டது. அந்த நேர்த்திக் கோவில்தான் கிராண்ட் கால்வாய் முனையில் நிற்கும் சாலுத்தே. வெனிஸ்காரர்கள் ஆண்டுதோறும் அன்றைக்குப் போய் மெழுகுவத்தி கொடுப்பார்கள், நலம் வேண்டி. எதிர்க்கரையில் உள்ள ஜில்லியோ பக்கத்திலிருந்து கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலமும் போடுவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்துவது அல்ல, ஊர் மக்களின் நாள். அன்று அங்கே இருக்கக் கிடைப்பது பெரிய விஷயம், தவிர்க்காதீர்கள்.

கூட்டம் மதியத்துக்குமேல் இறுகும். காலை எட்டு மணிவாக்கில் 1-ஆம் எண் பிடித்து சாலுத்தே துறையிலேயே இறங்குங்கள், கோவில் எதிரிலேயே. வாசல் படிகள் அகலமானவை, ஓரமாகப் பிடித்து மெதுவாக ஏறலாம். மெழுகுவத்தி வாசலில் விற்பார்கள். உள்ளே நாமே ஏற்ற மாட்டோம், அங்கே நிற்பவரிடம் கொடுத்தால் அவர் ஏற்றி வைப்பார். அன்றைக்கு உணவகங்களில் 'கஸ்த்ரதீனா' என்று எழுதியிருக்கும், அது உப்பிட்ட ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சேர்ந்த சாறு, உங்களுக்கு ஆகாது. கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் வறுத்த மாவுப் பண்டக் கடைகள் இருக்கும்.

20-ஆம் தேதியைச் சான் மார்க்கோவுக்கு வையுங்கள், ஓதக் கணிப்பு இடம் கொடுத்தால். பசிலிக்காவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுத்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். 1204-இல் கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து கொண்டுவந்த நான்கு குதிரைகளின் அசல் மேல்மாடி அருங்காட்சியகத்தில். அதற்குச் செங்குத்துப் படி, நீங்கள் மட்டும் ஏறிவிட்டு வாருங்கள். அம்மா அதுவரை கீழே தங்கப் பீடத்தகட்டைப் பார்க்கட்டும். நாலரைக்கே இருட்டிவிடும் மாதம் அது, வெளியில் பார்க்க வேண்டியதை முதலில் பாருங்கள்.

திசைகாட்டி

கா தோரோவில் தங்குவதால் ஒன்று சொல்கிறேன். சாந்தி அப்போஸ்தொலியைத் தாண்டி ரியால்த்தோ பக்கம் நடந்தால் மலிப்ரான் நாடக அரங்கம். மார்க்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடம் அது. பின்னாலுள்ள முற்றத்துக்கு இன்றும் 'கோர்த்தே செகோந்தா தெல் மில்யோன்' என்று பெயர். நம் ஊர்க் காயல் துறைமுகத்தையும் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பையும் எழுதி வைத்த மனிதர் திரும்பி வந்து வாழ்ந்த இடம். இரண்டு பாலம் ஏற வேண்டியிருக்கும், அம்மா முடியும் என்றால் கூட்டிப்போங்கள். முற்றத்தில் பழைய கல்வளைவு ஒன்று செதுக்கு வேலையோடு நிற்கிறது, அண்ணாந்து பாருங்கள்.

கண்ணாடி வேலைக்குப் பேர்போன மூரானோ தீவுக்கு 'இலவசப் படகு' என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். கண்ணாடிக்கடைக்குள் இறக்கிவிட்டு, வாங்கும் வரை விடமாட்டார்கள். பாஸ் கையில் இருக்கிறது, ஃபொந்தமேந்தே நோவே துறையிலிருந்து படகு பஸ்ஸிலேயே போகலாம். மூன்று இரவில் மூரானோ, புரானோ இரண்டு தீவையும் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று என்றால் புரானோ, படகில் முக்கால் மணி நேரம், உட்கார்ந்தே காயலைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

பரிசல்

22 காலை கணக்கு. 10:40 விமானத்துக்கு 8 மணிக்கு விமான நிலையத்தில் இருங்கள். கா தோரோவிலிருந்து பியாத்சாலே ரோமா வரை 1-ஆம் எண்ணில் 20 நிமிடம். அங்கிருந்து 5-ஆம் எண் விமான நிலையப் பஸ் 20 முதல் 25 நிமிடம், தலைக்கு 10 யூரோ. அதனால் 6:40-க்கு அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். அலிலகூனா என்ற விமான நிலையப் படகு நேராகப் போகும்தான், ஆனால் ரியால்த்தோவிலிருந்தே ஒரு மணி நேரம் ஆகும், விமான நிலையத் துறையிலிருந்து முனையம் வரை பத்து நிமிட நடையும் உண்டு. தனி நீர்வாடகைப் படகு 120 யூரோவுக்கு மேல்.

நவம்பரில் விடியற்காலையில் மூடுபனி இறங்கும். அடர்த்தியாக இருந்தால் படகுகள் ரேடார் வைத்து மெதுவாக ஓட்டுவார்கள், சில தடங்களைக் குறைத்துவிடுவார்கள். வேலைநிறுத்தம் இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பார்கள், 'ஷோப்பெரோ' என்ற சொல் துறையில் ஒட்டியிருக்கிறதா என்று 21 இரவே பார்த்துவிடுங்கள். படகு ஓடாமல் கா தோரோவிலிருந்து ரயில் நிலையம் வரை ஸ்த்ராதா நோவா வழியாக நடந்தால் அரை மணி நேரம், நான்கைந்து பாலம். பனி கனமாக இருக்கும் என்று தெரிந்தால் 6:15-க்கே துறைக்கு வந்துவிடுங்கள், அப்போது ஒரு படகு தவறினாலும் அம்மா பெட்டியோடு பாலம் ஏற வேண்டியிருக்காது.